முப்பத்தேழாவது பொருள்

எனக்கு வயது முப்பத்து நான்கு. ஓய்வு பெற்றுவிட்டேன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன்.

ஒன்பது ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக வேலை பார்த்தேன். முதல் நான்கு ஆண்டுகள் உயர்நிலைப்பள்ளியில், பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு. அடுத்த ஐந்து ஆண்டுகள் சிங்கப்பூரின் தேக்காவிலிருந்து இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளியிருக்கும் ஒரு தொடக்கப்பள்ளியில். போன ஆண்டு அதை விட்டுவிட்டுக் கண்காட்சி அரங்குகள் அமைக்கும் வேலைக்குப் போய்விட்டேன். சாவியை ஒப்படைத்து, கேக் வெட்டி, எல்லோரும் கையெழுத்துப் போட்ட அட்டையை வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டியவன் ஓய்வு பெற்றவன்தான். என் அகராதியில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

என் அறைக்கும், பசை ஒட்டிய என் நாற்காலிக்கும் இப்போது சொந்தக்காரர் பிரியா என்ற புது ஆசிரியை. போன வாரம் அவரிடமிருந்து கைப்பேசியில் ஒரு செய்தி.

"அண்ணே, பிஸியா?"

"சொல்லு."

"களிமண் பாடத்த எடுத்துடலாம்னு மீட்டிங்ல பேச்சு. எல்லாத்தையும் டேப்லட்லயே செய்யலாமாம். களிமண்ணுன்னா தூசி, சூடு, உடையுதுன்னு காரணம் சொல்றாங்க. நான் ஏதாச்சும் பதில் சொல்லணும். உங்க டைம்ல ஒரு தடவ பெருசா வெடிச்சுதாமே? அத எழுதிக் குடுங்களேன்."

"களிமண்ண காப்பாத்த, வெடிச்ச கதையா? மூளை இருக்கா?"

"எழுதுங்கண்ணே. சலீம் சார்தான் உங்ககிட்ட கேக்கச் சொன்னாரு."

சலீம் சார் சொன்னார் என்றால் நான் மறுக்க முடியாது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

பயிற்சிக் காலத்துக்கு இரண்டு வரி போதும். குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தேன், பட்டம் வாங்கினேன், ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். அங்கே பாடத்திட்டம் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் தூரிகை கழுவக் கிளம்பினால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை.

நான் நல்ல ஆசிரியர். இதை அடக்கமாகச் சொல்ல வேண்டுமாம். மாட்டேன். உயர்நிலைப்பள்ளியில் என் முதல் வகுப்பில் பாதிப் பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "சார், எனக்கு வரைய வராது" என்று ஒருவன் தொடங்க, மற்றவர்களும் அதையே சொன்னார்கள். எல்லோரையும் ஒரு காலணியைக் கழற்றி மேசைமேல் வைக்கச் சொன்னேன். இடது கையால் வரையுங்கள் என்றேன். வகுப்பில் இருந்த மூன்று இடதுகைக்காரர்களை வலது கையால் வரையச் சொன்னேன். இப்போது யாருக்குமே வரைய வரவில்லை. நன்றாக வரைகிறவள் என்று பெயரெடுத்த பெண்ணின் காலணி, மிதிபட்ட தவளை மாதிரி இருந்தது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்தாள். அன்று கையைக் கட்டியிருந்தவர்கள் அதற்குப் பிறகு கட்டவில்லை. அந்தக் காலணிப் படங்களைப் படிக்கட்டு நெடுகிலும் ஒட்டினோம். முதல்வர் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். அன்றைக்கு என் காலர் ஒரு அங்குலம் உயர்ந்தது. பிறகு இறங்கவே இல்லை. பின்னால் வந்த வில்லங்கத்துக்குக் காரணமும் அதுதான்.

தொடக்கப்பள்ளிக்கு வந்த முதல் மாதமே ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி எனக்கு வேலை கொடுத்தாள். வானத்தைத் தாளின் மேல் விளிம்பில் நீலப் பட்டையாகத் தீட்டிவிட்டு, நடுவே எல்லாம் வெள்ளையாக விட்டிருந்தாள். வானம் கீழே தரைவரை வர வேண்டும் என்று திருத்தினேன். "வானம் மேலதான் சார் இருக்கு. நடுவுல இருக்கறது காத்து" என்றாள். நான்கு ஆண்டு அனுபவம் வாயை மூடிக்கொண்டது.

அந்தப் பள்ளியின் ஓவியத் துறைத் தலைவர்தான் சலீம் சார். வண்ணமும் களிமண்ணும் பறக்கும் அறையில் தினமும் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டு வருவார், மாலையில் அதே வெள்ளையில் வீட்டுக்குப் போவார். எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. குரலை உயர்த்த மாட்டார். ஒரு கேள்வி கேட்பார். பிறகு பதில் வரும்வரை பேசாமல் நிற்பார். அந்த நிற்பதுதான் தாங்க முடியாது.

தேர்வு நெருங்கினால் கணித ஆசிரியர்கள் ஓவியப் பாட நேரத்தை எடுத்துக்கொள்வது எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். சலீம் சார் அதற்குச் சண்டை போட மாட்டார். வரைதாளை எடுத்துக்கொண்டு அந்தக் கணித வகுப்பின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து, பாடம் நடத்துகிறவரை வரையத் தொடங்கிவிடுவார். பத்து நிமிடத்தில் பிள்ளைகள் எல்லோரும் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு முறை இப்படி வரையப்பட்ட பிறகு எங்கள் பாட நேரத்தை யாரும் தொடுவதில்லை.

அவர் உயிரையே வைத்திருந்தது சூளையின் மேல். பிள்ளைகள் களிமண்ணில் செய்ததைச் சுட்டெடுக்கும் மின்சாரச் சூளை. உயரமான எண்ணெய்ப் பீப்பாய் மாதிரி இருக்கும். பிரியா, இதைக் கவனமாகப் படி.

கட்டைவிரலைவிடத் தடிமனான எதையும் உள்ளே குடைய வேண்டும். அடியில், சாத்தே இறைச்சி கோக்கும் மூங்கில் குச்சியால் ஒரு துளை, ஆவி வெளியேற. தளர்வாகப் பிளாஸ்டிக் தாள் போர்த்திப் பத்து நாளாவது காய விட வேண்டும். நம் ஊர் ஈரத்தில் பன்னிரண்டு நல்லது. காய்ந்ததா என்று கண்ணால் பார்த்தால் தெரியாது. வெளுத்துப் போயிருக்கும், நம்பிவிடுவோம். அதனால் சலீம் சார் ஒவ்வொன்றையும் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு, ஒரு குழந்தையின் காய்ச்சலைப் பார்ப்பதுபோல அவர் அதைச் செய்வார். பிறகு அடியில் எண்ணைக் கீறி, பதிவேட்டில் எழுதுவார். எண் இல்லாதது உள்ளே போகாது. ஈரத்தோடு ஒன்று உள்ளே போனால் அந்த ஈரம் ஆவியாகி, வழி தேடி, பொருளையே வெடிக்கச் செய்யும். அது மட்டும் போகாது. பக்கத்தில் நிற்பவற்றையும் சேர்த்து உடைத்துக்கொண்டு போகும்.

இது எல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தேர்வு வைத்திருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன்.

நான் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகக் கோபுரத்தின் வரவேற்புக் கூடத்தில் பிள்ளைகளின் கைவேலைகளை வைக்க எங்கள் பள்ளிக்கு இடம் கிடைத்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தாறு பேர், ஆளுக்கு ஓர் உணவு, ஓர் உணவங்காடியே களிமண்ணில் என்று முடிவு செய்தோம். பரோட்டா, லக்சா, ஐஸ் கச்சாங், சாத்தே. வகுப்பில் வாய் அதிகமுள்ள ஜுன் ஹாவ் கோழிச் சோற்றுக் கடைக் கண்ணாடிப் பெட்டியையே செய்தான், ஐந்து கோழிகள் தொங்கின.

தேன்மொழி மீன் தலை செய்தாள். தேனு என்று கூப்பிடுவோம். அவள் அம்மா புஷ்பா தேக்காவில் ஒரு மீன் தலைக் கறி உணவகத்தில் சமையல்காரர். தேனு அந்தச் சமையலறையில் பள்ளி முடிந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள். செவுள் எங்கே முடியும், கன்னச் சதை எங்கே தொடங்கும் என்று படம் பார்க்காமல் சொல்வாள். அவள் செய்த தலை இரண்டு கை அகலம். வகுப்பிலேயே பெரியது அதுதான்.

வியாழக்கிழமை சலீம் சார் முப்பத்தாறையும் கன்னத்தில் வைத்துப் பார்த்து, எண் கீறிக் கொடுத்தார். மறுநாள் அவருக்கு வெளியே ஒரு பயிலரங்கு. "அடுக்கி, மெதுவா சூடேத்து. அவசரப்படாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளி காலை அடுக்கினேன். நடுத் தட்டில், தேனுவின் மீன் தலைக்குப் பக்கத்தில், ஓர் இடம் காலியாக இருந்தது. என் மேசைமேல் களிமண்ணில் செய்த ஒரு டுரியான், அந்த முள்ளுப் பழம், இருந்தது. அந்த வாரத் திங்கள்கிழமை நாலாம் வகுப்புக்குச் செய்து காட்டியது. பத்தே நிமிடத்தில் ஒரு களிமண் உருண்டையிலிருந்து முள் முள்ளாக இழுத்து எடுத்திருந்தேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். உள்ளே குடையவில்லை. நாலு நாளாகக் குளிர்சாதனக் காற்றில் இருந்ததால் வெளியே சாம்பல் நிறத்தில் நன்றாகக் காய்ந்து தெரிந்தது.

கன்னத்தில் வைத்துப் பார்க்கவில்லை. எண் போடவில்லை. அந்த விதிகள் பிள்ளைகள் செய்வதற்கு. நான் செய்தது வெடிக்குமா? காலி இடத்தில் வைத்தேன், மூடினேன், சூடேற்றினேன். பதினொரு மணி வாக்கில் 'டொம்' என்று ஒரு சத்தம். மேல் மாடியில் நாற்காலியை இழுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கள்கிழமை ஐந்தாம் வகுப்பு முழுவதும் சூழ்ந்து நிற்க, மூடியைத் தூக்கினேன். வகுப்பில் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான், இங்கே தமிழாக்கித் தருகிறேன். உள்ளே நொறுங்கிய பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. ஒன்பது மட்டும் முழுசாக இருந்தன.

ஜுன் ஹாவ்தான் ஆரம்பித்தான். ஐந்து கோழிகளில் ஒன்றுக்கும் கழுத்து இல்லை. "தேனு மீன்தான் சார் வெடிச்சிருக்கு. அதான் பெருசு. நடுவுலதான் இருந்துச்சு."

"நான் குடைஞ்சேன்" என்றாள் தேனு. "துளையும் போட்டேன்."

"சரியா குடையல லா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சத்தியமாக அந்த நிமிடம் டுரியான் என் நினைவில் இல்லை. நானும் மீனைத்தான் நினைத்தேன். நினைத்ததோடு நின்றிருக்கலாம். "பெரிய பொருளுன்னா கொஞ்சம் ரிஸ்க்தான்" என்றேன். ஆறுதல் மாதிரிதான் சொன்னேன். அது தீர்ப்பாகிவிட்டது.

இடைவேளைக்குள் அவளுக்கு 'மீன் வெடி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மாலைக்குள் பெற்றோர் குழுவில், சொன்ன பேச்சுக் கேட்காத ஒரு பிள்ளையால் எல்லோர் வேலையும் நாசம் என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். மறுநாள் துணை முதல்வர் என்னைக் கூப்பிட்டார். கண்காட்சிக்கு மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. எல்லோரும் மறுபடி செய்யட்டும், ஆனால் அந்தப் பெண்ணின் வேலை மட்டும் சூளைக்குள் போக வேண்டாம், சுடாமலே காய்கிற மண்ணில் சின்னதாக ஏதாவது செய்யட்டும் என்றார். மற்றப் பெற்றோருக்கும் நிம்மதி.

நான் தலையாட்டினேன். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு முறை அழித்துப் பார்த்தேன். எழுதிவிட்டேன்.

தேனுவிடம் சொன்னபோது அவள் அழவில்லை. "என் மீன் எங்க சார்? தூக்கிப் போட்டுட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

போடவில்லை. உடைந்ததை உடனே எறியக் கூடாது என்பதும் சலீம் சாரின் விதி. எல்லாம் இரண்டு வாளிகளில் இருந்தன.

அன்றிலிருந்து மூன்று நாள், ஒவ்வோர் இடைவேளையிலும் அவள் ஓவிய அறைத் தரையில் உட்கார்ந்து துண்டு பொறுக்கினாள். ஒட்டுத்தாளால் ஒன்றோடொன்று சேர்த்தாள். சாப்பாட்டு டப்பா திறக்காமல் பக்கத்திலேயே இருக்கும். மனசு ஆறட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். என்ன ஒரு பெருந்தன்மை எனக்கு!

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. இடைவேளை முடிந்து வகுப்பு உள்ளே வந்தபோது அவள் எழுந்திருக்கவில்லை. மேசைமேல் மீன் தலை நின்றது. ஒட்டுத்தாள் கட்டுப் போட்ட நோயாளி மாதிரி, ஆனால் முழுசாக. இடது கன்னத்தில் மட்டும் ஓர் ஓட்டை.

"ஏழே துண்டு" என்றாள் தேனு. "வெடிச்சிருந்தா ஏழு துண்டா வரும்?"

ஜுன் ஹாவ் கிட்டே போனான். அவன் வாய்தான் பெரிது, கண்ணும் கூர்மை. "உள்ளே பாருடா" என்று தன் நண்பனை இழுத்தான். "ஸ்பூன் வச்சுக் குடைஞ்ச தடம் இருக்கு. சுவர் மெல்லிசுதான்."

"ஓட்டைய பாரு" என்றாள் தேனு. "உள்ள இருந்து வெடிச்சா வெளிய தள்ளணும். இது உள்ள தள்ளியிருக்கு. பக்கத்துல இருந்த ஏதோ ஒண்ணு வந்து இடிச்சிருக்கு. மீனுக்குள்ள இது கெடந்துச்சு."

உள்ளங்கையைத் திறந்தாள். சுட்ட மண்ணில், விரல்நுனி அளவுக் கூம்பு ஒன்று. பிறகு பையிலிருந்து இன்னும் பதினாலு கூம்புகளை எடுத்து வரிசையாக வைத்தாள். எல்லாம் வாளியில் பொறுக்கியது.

"இது யாரோடது? யாரு கூம்பு செஞ்சீங்க?"

ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். முப்பத்தாறு பேரில் ஒருவரும் கூம்பு செய்யவில்லை. கடைசியில் அவள் என்னைப் பார்த்தாள். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை, ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும் என்று பார்த்தாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது. "பாடத்துக்கு நேரமாச்சு, உக்காருங்க" என்றேன்.

பாடம் முடிந்ததும் நேராகச் சலீம் சாரிடம் போனேன். நான் வாய் திறப்பதற்குள் அவர் பதிவேட்டைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இதுல எத்தன நம்பர் பாலா?"

"முப்பத்தாறு சார்."

"உள்ள எத்தன வச்சே?"

நின்றார். மின்விசிறி சுற்றியது. கீழே திடலில் யாரோ விசில் ஊதினார்கள். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"முப்பத்தேழு. என்னோட டுரியான் சார். குடையல. கன்னத்துல வச்சும் பாக்கல."

"ம்."

"உங்களுக்கு எப்பவே தெரியுமா?"

"உன் மேசையில டுரியான காணோம்னு திங்கக்கிழமையே பாத்தேன். நீயா சொல்லுவேன்னு மூணு நாள் பாத்தேன். இன்னிக்கு நீ வரலன்னா நாளைக்கு நான் சொல்லியிருப்பேன். இப்ப யார்கிட்ட சொல்லப் போற?"

"அதான் உங்ககிட்ட சொல்லிட்டேனே சார்."

"மீன் வெடின்னு என்னை யாரும் கூப்பிடலயே."

அவ்வளவுதான். பதிவேட்டை மூடிவிட்டுப் போய்விட்டார், சட்டையில் ஒரு கறை இல்லாமல்.

மறுநாள் வகுப்பின் முன்னால் நின்றேன். சுற்றி வளைத்தால் வாய் பின்வாங்கும் என்று தெரியும். "தேனுவோட மீன் வெடிக்கல. வெடிச்சது நான் செஞ்ச டுரியான். குடையாம, ஈரத்தோட, நம்பர் போடாம நானே உள்ள வச்சேன். தேனு, தப்பு என்னோடது. உன் மேல பழி விழுந்தப்ப நானும் சேர்ந்து பேசினேன். சாரி" என்றேன்.

பிறகு ஜுன் ஹாவின் குரல்: "டுரியானா சார்? சார் வச்ச பாமா அது?"

வகுப்பு வெடித்தது. மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். இரண்டு பேர் நாற்காலியிலிருந்து விழுவது போல நடித்தார்கள். 'மிஸ்டர் டுரியான்' என்ற பெயர் அந்த நிமிடம் பிறந்தது. பள்ளியை விட்டு வரும்வரை அது என்னோடு இருந்தது, விடைபெறும்போது கொடுத்த அட்டையில்கூட எழுதியிருந்தார்கள்.

தேனு மட்டும் சிரிக்கவில்லை. சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள். "லெட்டர்ல எழுதிக் குடுங்க சார்" என்றாள். "எங்கம்மா படிக்கணும். மத்த அம்மாங்களும் படிக்கணும்."

எழுதினேன். 'அறியாமல் நேர்ந்த தொழில்நுட்பக் கோளாறு' என்று போடலாமே என்றார் துணை முதல்வர். 'கோளாறுக்குப் பெயர் இருக்கிறது மேடம், பாலா' என்றேன். அவர் பேனாவின் மூடியைத் திறந்தார். பிறகு அந்த வரியை அடித்துவிட்டு, சூளைக்கு வெளியே நிற்க வேண்டியவர் பட்டியலில் இருந்த ஒரே பெயரான தேன்மொழியையும் அடித்தார். கடிதம் முப்பத்தாறு வீட்டுக்கும் போனது.

திங்கள் மதியம் மூன்று மணிக்கு, மதியச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் இடையில், தேனுவின் அம்மா புஷ்பா வந்து நின்றார். கையில் அந்தக் கடிதம். புளியும் மிளகாயும் கலந்த வாசனை அறைக்குள் முதலில் வந்தது.

"சார்தான் மிஸ்டர் பாலாவா?"

"ஆமாங்க்கா. உக்காருங்க."

"உக்கார நேரமில்ல. என் பொண்ணு மூணு நாளா சாப்பாட்டு டப்பாவ தொறக்காம கொண்டாந்துச்சு. நான் அவகிட்ட என்ன கேட்டேன் தெரியுமா? சார் சொன்ன மாதிரி ஒழுங்கா செய்யலியா நீன்னு கேட்டேன். பெத்தவளே கேட்டுட்டேன், உங்கள நம்பி."

அவருக்காக இழுத்த நாற்காலியை மறுபடி உள்ளே தள்ளினேன்.

"தம்பி, எங்க கிச்சன்ல நான் ஒரு சட்டியக் கவுத்தா அன்னிக்கே என் வாயால சொல்லுவேன். கீழ வேலை பாக்கிற பொண்ணு மேல போட மாட்டேன். நீங்க படிச்சவங்க, உங்களுக்கு நாலு நாள் ஆச்சு." கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தார். "ஆனா எழுதிட்டீங்க. பேரப் போட்டு எழுதிட்டீங்க. அதுக்காகத்தான் இதுக்கு மேல கத்தாமப் போறேன். இப்ப அவ மறுபடி செய்யணும். சின்னதா இல்ல. பெருசா."

"அவ விருப்பப்பட்டா கண்டிப்பா செய்யலாம்க்கா."

"அவ விருப்பமா? நேத்து கடையில வந்து ஒரு முழு மீன் தலைய பாத்துக்கிட்டே நின்னா. கஸ்டமருக்குப் போக வேண்டியது. விடவே இல்ல."

நாள் கணக்குப் போட்டோம். செய்ய இரண்டு நாள், காயப் பன்னிரண்டு, சுட்டு ஆற நாலு, வண்ணம் பூச ஒன்று. பத்தொன்பது. கண்காட்சிக்கு இருந்ததும் பத்தொன்பதே நாள். ஒரு நாள் தவறினாலும் பிள்ளைகளின் உணவங்காடி வெறும் மேசையாக நிற்கும்.

பிள்ளைகள் ஆளுக்கு ஆள் போட்டி போட்டுச் செய்தார்கள். ஜுன் ஹாவ் இந்த முறை ஏழு கோழி. தேனு ஜன்னலோரத்தில் ஈரத் துணியைத் திரையாகத் தொங்கவிட்டுக்கொண்டு அதற்குப் பின்னால் வேலை செய்தாள். எட்டிப் பார்க்கப் போன என்னை, "வெளிய நில்லுங்க சார்" என்று துரத்தினாள்.

இரண்டாம் வாரம் முழுவதும் மழை. ஈரம் சுவரில் வழிந்தது. சலீம் சார் வீட்டிலிருந்து இரண்டு மின்விசிறி கொண்டுவந்தார், நான் மூன்று. பிள்ளைகள் முறை வைத்து ஒவ்வோர் இடைவேளையிலும் பொருள்களைத் திருப்பி வைத்தார்கள். கன்னத்தில் வைத்துப் பார்ப்பது அவர்களுக்கு விளையாட்டாகிவிட்டது. கன்னமெல்லாம் மண் தூசியோடு அடுத்த வகுப்புக்குப் போய் ஆங்கில ஆசிரியையிடம் திட்டு வாங்கினார்கள்.

அடுக்கும் நாள் வந்தது. சலீம் சார் பதிவேட்டைத் தேனுவிடம் நீட்டினார். "நீ பாத்து எழுது" என்றார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவள் ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக் கன்னத்தில் வைத்தாள், அடியைப் பார்த்தாள், எண் கீறினாள். முப்பத்தாறு முடிந்ததும் நான் என் புது டுரியானை நீட்டினேன். இந்த முறை குடைந்தது, துளை போட்டது. எட்டு நாள் காய்ந்தது.

கன்னத்தில் வைத்தாள். எடுத்தாள். மறு கன்னத்தில் வைத்தாள்.

"ஜில்லுன்னு இருக்கு சார்."

"மேல நல்லா காஞ்சிருக்கே!"

"மேல காஞ்சா போதுமா?"

வகுப்பு "ஊ" என்று நீளமாக ஊளையிட்டது. சலீம் சார் ஜன்னல் பக்கம் திரும்பி இருமினார். அது இருமல் இல்லை என்று அவர் தோளைப் பார்த்தே தெரிந்தது.

"அடுத்த தடவ பாக்கலாம் சார்" என்று டுரியானை என் கையில் கொடுத்துவிட்டு, தன் மீன் தலையைத் துணியோடு தூக்கிப் போய் நடுத் தட்டில் வைத்தாள். அதே இடம். யாரும் வேறு இடம் சொல்லவில்லை.

நாலு நாள் கழித்து மூடியைத் திறந்தபோது முப்பத்தாறும் நின்றன. ஒரு சாத்தேயின் நுனி மட்டும் உடைந்திருந்தது, அதையும் யாரோ கடித்த மாதிரி இருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டோம். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் தீ விபத்தா என்று ஓடி வந்தார். நானும் கத்தினேன். எனக்கென்ன கூச்சம்?

பிரியா, மீட்டிங்கில் நீ சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். டேப்லட்டில் தப்பு செய்தால் ஒரு பொத்தானைத் தொட்டு அழித்துவிடலாம், தப்பு நடந்த தடமே இருக்காது. அதற்கும் இடம் உண்டு, நானும் அதில் பாடம் நடத்தியிருக்கிறேன். சூளையில் என் தப்பு பதினைந்து கூம்புகளாகக் கிடந்தது. பதினொரு வயதுப் பெண் அதைப் பொறுக்கி, வரிசையாக வைத்து, ஆசிரியரிடம் கணக்குக் கேட்டாள். இதை எந்தப் பாடத்தில் கற்றுக்கொடுப்பார்கள் என்று கேள். கேட்டுவிட்டுச் சலீம் சார் மாதிரி பேசாமல் நில்.

கண்காட்சி திறந்த அன்று பகல் உணவு நேரம். தஞ்சோங் பகார் கோபுரத்தின் கூடத்தில், பளபளக்கும் தரையில், அடையாள அட்டை தொங்கும் கழுத்துகள் எங்கள் உணவங்காடியைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றன. கோழிச் சோற்றுப் பெட்டிக்கு ஒரு கூட்டம். ஆனால் பெரிய கூட்டம் மீன் தலைக்குத்தான். சிவப்புக் குழம்பில், வெண்டைக்காய்க்கு நடுவே, அகல அகலமாக வாயைத் திறந்துகொண்டு அது நின்றது. உள்ளே நாக்கு தெரிந்தது, தொண்டை தெரிந்தது. ஒரு கை முழுசாக உள்ளே போகும்.

புஷ்பா அக்கா வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, பட்டுச் சேலையில் வந்திருந்தார். மீனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றிப் பார்த்தார்.

"செவுளு சரியா இருக்கு. கண்ணு சரியா இருக்கு. ஏண்டி, வெந்த மீனு இவ்ளோ பெருசாவா வாயத் தொறக்கும்? எந்தக் கடையில பாத்தே?"

"மொதல்ல செஞ்சது வாய மூடிக்கிட்டு இருந்துச்சும்மா" என்றாள் தேனு. "அதப் பத்தி எல்லாரும் அவங்கவங்க இஷ்டத்துக்குப் பேசினாங்க. இது அதுவே பேசும்."

அம்மா குனிந்து, அந்த வாய்க்குள் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, கூட்டத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, கூடம் முழுவதும் கேட்கும்படி சொன்னார்:

"பல்லும் வச்சிருக்கா, பாருங்க!"